எழுபத்தொன்பது பூச்சியங்கள்

அத்தியாயம் 4

இந்த வழக்கில் பிணம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பிணம் என்றால் பொலிஸ் வரும், சனம் கூடும், கடைசியில் யாரோ ஒருவர் குற்றவாளி என்று முடியும், நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பேன். இதில் அந்தச் சௌகரியம் எதுவும் கிடைக்கவில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிறகு என்னோடு கோபிக்கக் கூடாது.

என் பெயர் ஜெறோம், ஊர் குருநகர். கணினியில் டிப்ளோமா முடித்துவிட்டு, நல்ல வேலை கிடைக்கும்வரை என்று சொல்லிச் சிவகௌரி அக்காவிடம் சேர்ந்தேன். மூன்று வருடமாகிறது, நல்ல வேலை இன்னும் என்னைத் தேடிக்கொண்டிருக்கிறது. அக்கா முன்பு ஒரு காப்புறுதிக் கம்பனியில் இருபத்திரண்டு வருடம் விசாரணை அதிகாரியாக இருந்தவர். கடை தானாக எரிந்ததா, எரித்ததா என்று சாம்பலைப் பார்க்காமல் முதலாளியின் முகத்தைப் பார்த்தே சொல்லுவார். இப்போது நல்லூரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் எங்கள் துப்பறியும் அலுவலகம் இருக்கிறது. அக்காவுக்கு வயது ஐம்பத்துமூன்று. அன்ரி என்று கூப்பிட்டால் அன்றைக்கு முழுதும் என்னோடு கதைக்கமாட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆரணி ரீச்சர் படியேறி வந்தார். கோப்பாய்க்காரர், முப்பத்தொன்பது வயது, ரியூட்டறிகளில் கணிதம் படிப்பிப்பவர். கையில் ஒரு தடித்த பைல். கதிரையில் இருக்க முன்பே அதை மேசையில் விரித்தார்.

"எழுபத்தொன்பது கடிதம்," என்றார். "எழுபத்தொன்பதிலையும் பூச்சியம்."

முதல் தாளை எடுத்துப் பார்த்தேன். 'பந்தல் திருமணத் தொடர்பகம், நல்லூர். தங்கள் நிபந்தனைகள் அனைத்துக்கும் பொருந்தும் மணமகன்மார்: 0.' கீழே ஒரு பிள்ளையார் படம். மாதம் ஒன்றாக, 2018 மார்கழியிலிருந்து போன மாதம்வரை அதே வசனம், அதே பூச்சியம், அதே பிள்ளையார்.

"பரவாயில்லை ரீச்சர், உங்களுக்குக் கடிதமாவது வருது," என்றேன். "எனக்கும் இருபத்தெட்டு வயசாகுது. பூச்சியம் எண்டு சொல்லக்கூட ஒருத்தரும் இல்லை."

அக்கா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். ரீச்சர் சிரிக்கவில்லை.

"பூச்சியம் வர ஏலாது," என்றார் அவர்.

"ஏன் வர ஏலாது?" அக்கா கேட்டார்.

"வர ஏலாது. ஒராள் வரவேணும். ஆரோ அந்த ஆளை எடுத்திருக்கினம்."

"ஆரை எடுத்தவை?"

ரீச்சர் பைலின் நாடாவைக் கட்டினார், அவிழ்த்தார், பிறகு விஷயத்துக்கு வந்தார். ரொறன்ரோவில் இருக்கும் அவரது அண்ணை லக்ஷன், லண்டனில் ஒரு இடம் பார்த்திருக்கிறார். மாப்பிள்ளைக்கு ஐம்பத்தொரு வயது, மனைவி இறந்து நாலு வருடம், தங்கமான மனிதர் என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். ஊருக்கு வந்து நிற்கிறார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கோப்பாயில் கலியாண எழுத்து. பதிவாளருக்கும் சொல்லியாயிற்று.

"ஏழு வருஷமாப் பூச்சியம் எண்டபடியாத்தான் நான் இந்த இடத்துக்கு ஓம் எண்டனான்," என்றார் ரீச்சர். "அண்ணைதான் அந்த ஆளை எடுக்கச் சொன்னவர் எண்டால் திங்கள் நான் கையெழுத்து வைக்கமாட்டன். அண்ணையின்ரை முகத்திலையும் முழிக்கமாட்டன். ஆர் எடுத்தது எண்டு எனக்குத் தெரியவேணும். இண்டைக்குச் சொன்னால் நல்லது, நாளைக்கு எண்டாலும் பரவாயில்லை. திங்களுக்குப் பிறகு தெரிஞ்சு பிரயோசனமில்லை."

அக்கா அதிகாரக் கடிதம் ஒன்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். ரீச்சர் போன பிறகு அதை மடித்துக் கைப்பையில் வைத்தார்.

"என்னக்கா, அண்ணைதானே? லண்டன் மாப்பிள்ளை பிடிச்சவருக்கு உள்ளூர் மாப்பிள்ளை இடைஞ்சல். வழக்கு முடிஞ்சுது. மத்தியானம் புட்டுச் சாப்பிடுவம்."

"ஒருத்தரும் கிடைக்கேல்லை எண்டு அழுகிற பெட்டையள் ஆயிரம் பேர் இருக்கினம், ஜெறோம். பூச்சியம் வர ஏலாது எண்டு அடிச்சுச் சொல்லுற ஒருத்தியை இண்டைக்குத்தான் பாக்கிறன்," என்றார் அக்கா. "உவவுக்கு அது எப்பிடித் தெரியும்?"

பந்தல் திருமணத் தொடர்பகம் கோயில் பின்வீதிக்குக் கிட்ட, ஒரு பழைய வீட்டின் முன்னறையில் இருந்தது. உரிமையாளர் சிவசுப்பிரமணியம் ஐயா ஓய்வுபெற்ற தபால் அதிபர். நெற்றியில் திருநீறு, சட்டைப்பையில் மூன்று பேனை. அதிகாரக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு எங்களை உள்ளே விட்டார்.

"எங்கடை கொம்பியூட்டர் பக்கம் சாராது," என்றார். "வெளியிலை சாத்திரிமார் ஒராளுக்கு வாக்கிய பஞ்சாங்கத்திலை சாதகக் குறிப்பு எழுதுவினம், மற்றாளுக்குத் திருக்கணிதத்திலை எழுதுவினம். ரெண்டையும் பக்கத்திலை வைச்சுப் பொருந்தேல்லை எண்டுவினம். ரெண்டு முழக்கோலாலை ஒரு சேலையை அளக்கிறமாதிரி. இஞ்சை அந்தக் கதை இல்லை. பிறந்த நேரத்தைக் குடுத்தால் எல்லாருக்கும் ஒரே பஞ்சாங்கம்."

"லக்ஷன் எண்டு ஒருத்தர் ரொறன்ரோவிலை இருந்து உங்களோடை கதைச்சவரோ?" அக்கா கேட்டார்.

"கதைச்சவரோ? பதினாலு ஈமெயில் போட்டவர். எல்லாம் வைச்சிருக்கிறன்."

அக்கா பக்கம் திரும்பி ஒரு சின்னச் சிரிப்பு சிரிக்கலாம் என்று இருந்தேன். ஐயா ஈமெயில்களைத் திறந்து காட்டினார். பதினாலிலும் ஒரே மன்றாட்டம்: 'என் தங்கச்சியின் நிபந்தனைகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள் ஐயா, இப்படியே போனால் அவள் தனியாகவே இருந்துவிடுவாள்.' நான் சிரிப்பைத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டேன்.

"நீங்கள் தளர்த்தேல்லையோ?"

"பிள்ளைதான் ஏலாது எண்டுட்டுது. ஒரு சொல்லும் மாத்தக் கூடாதாம். பொறுமையான பிள்ளை, ஆனால் உதிலை மட்டும் பிடிவாதம்."

அக்கா என்னைக் கணினிக்கு முன்னால் தள்ளினார்.

தேடும் புரோகிராமைத் திறந்தேன். நேர்த்தியாக எழுதியிருந்தார்கள். என்னுடையதைப் பார்த்து எங்கள் டிப்ளோமா சேர் ஒரு நாளும் சொல்லாத சொல், நேர்த்தி. அக்கா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு."

"இதுக்கு ரெடிமேட்டா ஒரு நூலகம் இருக்கு அக்கா. புத்தகம் இல்லை, ஆரோ எழுதிவைச்ச புரோகிராம் துண்டுகள். ஒவ்வொரு நிபந்தனையையும் ஒரு சின்னப் பெட்டியாச் செய்து ஒண்டோடை ஒண்டைக் கோக்கலாம். கோத்து முடிய, முழுப் பட்டியலிட்டையும் ஒரே கேள்வியாக் கேக்கும்."

"கலியாண வீட்டுப் பந்தியை வைச்சுச் சொல்லு."

"பந்தியிலை இருக்கிறதுக்குச் சொந்தமாயும் இருக்கவேணும், அழைப்பும் இருக்கவேணும் எண்டால், அது ஒரு விதமாக் கோக்கிறது. ரெண்டிலை ஒண்டு காணும் எண்டால் இன்னொரு விதம். எல்லாம் சரி, ஆனால் உவனை மட்டும் உள்ளை விடாதை எண்டால், பெட்டிக்கு முன்னாலை ஒரு நெளிகோடு போடவேணும்."

"ரீச்சரின்ரை எப்பிடி?"

"எல்லாம் முதலாவது விதம். அதுவும் வேணும், இதுவும் வேணும், உதுவும் வேணும். குறிப்புப் பொருந்தவேணும், வயசு பொருந்தவேணும், வெளிநாடு போகாதவராய் இருக்கவேணும், கணினியோ கணிதமோ படிச்சிருக்கவேணும், ஊர் அரியாலையா இருக்கவேணும். இவ்வளவையும் தாண்டி ஆர் வருவான்? நான் மாப்பிள்ளை எண்டால் ரெண்டாவது பெட்டியோடை திரும்பிப்போயிருப்பன்."

"எல்லாம் ஒரேயடியாப் போட்டதோ?"

"இல்லை. 2018 புரட்டாதியிலை முதல் ரெண்டும். பிறகு மாசம் ஒண்டு."

ஒவ்வொரு மாதமும் தேடல் ஓடி முடிந்ததும் கணினி தானாக ஒரு பதிவேடு எழுதி வைத்திருந்தது. அதில் பக்கத்துப் பக்கமாக இரண்டு எண் நிரல்கள் இருந்தன. நான் நிபந்தனைகளில் பிழை தேடிக்கொண்டிருந்தேன். கணினியைத் தொடவே பயப்படுகிற அக்கா, கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்த இரண்டு நிரலையும் விரலால் தடவிக்கொண்டு போனார்.

"முதல் மாசம் பதினொண்டு, பத்து. ரெண்டாம் மாசம் ஆறு, ஐஞ்சு. பிறகு மூண்டு, ரெண்டு. பிறகு ஒண்டு, பூச்சியம். பிறகு ஒண்டு, பூச்சியம். ஒண்டு, பூச்சியம். ஏன்டா எப்பவும் ஒண்டு குறையுது?"

முதல் நிரல் கணினி கண்டுபிடித்தது. இரண்டாவது நிரல் கடிதத்தில் அனுப்பியது. நடுவில் ஒவ்வொரு மாதமும் ஒரே ஒரு ஆள் காணாமற் போயிருந்தார்.

"எழுபத்தெட்டு மாசம் ஒண்டு, பூச்சியம்," என்றார் அக்கா. "போன மாசம் மட்டும் பூச்சியம், பூச்சியம். அந்த ஆள் போன மாசம் பட்டியலை விட்டே போயிட்டார்."

இன்னும் கீழே தேடினேன். எல்லாப் பெட்டிகளுக்கும் பிறகு, தனியே, ஒரு வரி. மணமகள் பட்டியலில் பதிவு இலக்கம் 904 ஆன ஆரணி தேடும்போது மட்டும் வேலை செய்கிற வரி. அதன் முன்னால் ஒரு நெளிகோடு. நெளிகோட்டுக்குப் பின்னால் மணமகன் பட்டியல் இலக்கம் ஒன்று: 1127.

"ஐயா, 1127 ஆர்?"

"கொம்பியூட்டரிலை இல்லையோ? அப்ப கலியாணம் முடிஞ்ச ஆள். முடிஞ்சால் எடுத்துவிடுவம். பதிவுக் கொப்பியிலை இருக்கும்." ஐயா அலுமாரியைத் திறந்து ஒரு தடித்த கொப்பியை எடுத்து, விரலை நாக்கில் தொட்டுப் புரட்டினார். பிறகு புரட்டாமல் நின்றார். "உவன் எங்கடை ஜெயரூபன்."

"எங்கடை எண்டால்?"

"உந்தப் புரோகிராமை எழுதின பொடியன். அரியாலை. வைகாசியிலைதான் கலியாணம் நடந்தது. நானும் போய்ச் சாப்பிட்டனான்."

அரியாலைக்குப் போகும் வழி முழுதும் ஸ்கூட்டியின் பின்னால் இருந்து நான் அந்த ஜெயரூபனைத் திட்டிக்கொண்டு போனேன். ஒரு மனிதன் ஒரு பெண்ணுக்கு முன்னால் வர விருப்பமில்லை என்றால் பட்டியலில் பெயரைக் கொடுக்காமல் விடவேண்டும். பெயரையும் கொடுத்து, அவளுக்கு மட்டும் மறைத்தும் வைத்தால் அதற்குப் பெயர் என்ன? அக்கா ஒன்றும் சொல்லாமல் ஸ்கூட்டியை ஓட்டினார். அவர் அப்படிப் பேசாமல் இருந்தால் நான் பிழை என்று அர்த்தம்.

வீடு கடலேரிக்குக் கிட்ட இருந்தது. கதவைத் திறந்தது ஒரு புதுப் பெண், தாலிக்கொடியின் மினுக்கம் இன்னும் மங்கவில்லை. "இருங்கோ, தேத்தண்ணி போடுறன்," என்று உள்ளே போனார். ஜெயரூபனுக்கு நாற்பது வயது இருக்கும், மெலிந்தவர். அக்கா பெயரைச் சொன்னதும், "திருமணத் தொடர்பகத்து விசயமோ?" என்று கேட்டார். அக்கா, "904," என்றார். அவர் எழும்பிப் பின்வளவுக்கு நடந்தார். நாங்களும் பின்னால் போனோம்.

"உங்களிட்டை ஆர் சொன்னது?"

"நீங்களே எழுதி வைச்சிருக்கிறியள். ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?" அக்காவின் குரல் கடுமையாக இல்லை.

அவர் கிணற்றுக்கட்டில் இருந்தார். சொல்லத் தொடங்கியபோது எங்களைப் பார்க்கவில்லை.

"கோப்பாயிலை ரெண்டு வருஷம் ஒரே ரியூட்டறியிலை படிப்பிச்சனாங்கள். அவ கணிதம், நான் கணினி. ஒரு நாளும் ஒண்டும் வாய்விட்டுக் கதைக்கேல்லை. ஆனால் எனக்கு அவவைத் தவிர வேறை ஆரையும் பிடிக்கேல்லை. வீட்டாலை கேப்பம் எண்டு அம்மா குறிப்பைக் குடுத்து விட்டவ. அவவின்ரை தகப்பன் பொருந்தேல்லை எண்டு திருப்பி அனுப்பிப்போட்டார். அதோடை நான் அந்த ரியூட்டறியை விட்டிட்டன்."

"பிறகு?"

"அடுத்த வருஷம் சிவசுப்பிரமணியம் ஐயாவுக்குப் புரோகிராம் எழுதினன். அம்மா என்ரை பேரையும் அங்கை பதிஞ்சு விட்டவ. முதன்முதல் ஓடவிட்டுப் பாத்தது 904. பதினொரு பேர் வந்தினம். நாலாவது பேர் என்ரை."

"குறிப்புப் பொருந்தேல்லை எண்டவை?" என்றேன் நான்.

"அவவின்ரை குறிப்பு வாக்கியத்திலை எழுதினது. என்ரை திருக்கணிதம். ரெண்டையும் ஒரே பஞ்சாங்கத்திலை போட்டால் வடிவாப் பொருந்துது. அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது." அவர் கைகளைத் துடைத்துக்கொண்டார், கைகள் ஈரமாக இருக்கவில்லை. "சந்தோசப்பட்டு அம்மாவைக் கூப்பிட எழும்பினன் அக்கா. எழும்பிப்போட்டுத் திரும்ப இருந்திட்டன். புரோகிராம் எழுதினவன் நான். புரோகிராம் என்ரை பேரைச் சொல்லுது. உலகத்திலை ஆர் நம்புவினம்? ஒருக்கால் வேண்டாம் எண்ட இடத்திலை கள்ளக் கணக்குப் போட்டுத் திரும்ப வாறான் எண்டுதானே தகப்பன் சொல்லுவார். அவவும் அப்பிடி நினைச்சிட்டால் என்ன செய்யிறது? அதுதான் அந்த வரியைப் போட்டன்."

"பிறகு எடுத்திருக்கலாமே."

"எடுப்பம் எண்டு எத்தனை நாள் இருந்தனான். முதல் மாசம் எடுத்திருந்தால் எடுத்ததுதான். பிறகு எடுத்தால், இவ்வளவு நாளும் உந்தப் பேர் எங்கை இருந்தது எண்டு கேப்பினம். மாசா மாசம் முதலாம் திகதி நான் பாப்பன். அவ நிபந்தனையைக் கூட்டிக்கொண்டே போனா. எல்லாரும் விழுந்து போச்சினம், நான் மட்டும் நிண்டன். அவவுக்குத் தெரியாமல் அவவுக்குப் பொருந்திக்கொண்டு இருந்தன்." குரல் உடைந்தது. உடைந்ததை அவர் மறைக்கவில்லை. "தை மாசம் லண்டன் இடம் முற்றாகிட்டுது எண்டு கேள்விப்பட்டன். அம்மாவுக்கும் ஏலாமல் வந்திட்டுது. சரி எண்டு சொல்லிப்போட்டன். இந்தப் பிள்ளை நல்ல பிள்ளை அக்கா. இதுக்கு நான் ஒரு குறையும் வைக்கக் கூடாது."

உள்ளே கோப்பைகளின் சத்தம் கேட்டது. அவர் அவசரமாக எழும்பினார்.

"ஒரே ஒரு உதவி. நான்தான் எடுத்தனான் எண்டு சொல்லுங்கோ. ஏன் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. தன்னை வேண்டாம் எண்டுதான் எடுத்தவன் எண்டு நினைச்சுக்கொண்டு போகட்டும். கோபத்தோடை போனால் அங்கை போய் நல்லா இருப்பா. மற்றதைத் தெரிஞ்சுகொண்டு போனால் இருக்கமாட்டா."

"சரி தம்பி," என்றார் அக்கா.

தேத்தண்ணியில் சீனி அளவாக இருந்தது. அந்தப் பெண் எங்களுக்கு ஒரு தட்டில் பயித்தம் பணியாரமும் வைத்துத் தந்தார். நான் இரண்டு சாப்பிட்டேன்.

திரும்பி வரும்போது அக்காவோடு சண்டை பிடித்தேன். "அரைக் கதை சொல்லுறதுக்கோ அவ எங்களிட்டை வந்தவ? காப்புறுதிக் கம்பனியிலை அரை அறிக்கை எழுதிறவையைக் கண்டால் கொலை செய்வன் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"அங்கை எரிஞ்சது கடை," என்றார் அக்கா. "நீ வாயைப் பொத்திக்கொண்டு வா. அவ ஆர் எடுத்தது எண்டுதான் கேட்டவ. அதுக்குப் பதில் இருக்கு."

ஆரணி ரீச்சரின் ரியூட்டறி நல்லூரில், தகரக் கூரை போட்ட நீளமான கொட்டில். ஐந்து மணி வகுப்பு முடிந்து பிள்ளைகள் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு போனார்கள், அடுத்த வகுப்புக்கு இன்னும் அரை மணி இருந்தது. கரும்பலகையில் ஒன்றை ஒன்று வெட்டுகிற வட்டங்கள். ரீச்சர் எங்களைக் கண்டதும் சோக்கட்டியை வைத்துவிட்டு நேரே வந்தார்.

"உங்கடை அண்ணை இல்லை," என்றார் அக்கா. "அவர் பதினாலு தரம் உங்களுக்காகக் கெஞ்சியிருக்கிறார். அவரோடை கோபிக்காதேங்கோ. ஐயாவும் இல்லை."

"அப்ப ஆர்?"

"ஜெயரூபன். புரோகிராம் எழுதினது அவர்தான். உங்கடை தேடலிலை இருந்து தன்ரை பேரைத் தானே எடுத்தவர்."

ரீச்சருக்கு அது தெரிந்திருக்கவில்லை. ஜெயரூபன்தான் எழுதியவர் என்பது அவருக்கு முற்றிலும் புதிய செய்தி, முகத்தில் அது தெரிந்தது. பக்கத்து வாங்குப் பலகையில் கை வைத்தார்.

"தானே எடுத்தவரோ?"

"ஓம்."

"ஆரும் சொல்லி இல்லை?"

"இல்லை."

"எப்ப?"

"முதல் நாளே."

ரீச்சர் தலையாட்டினார். நல்ல பிள்ளை ஒருத்தி பரீட்சையில் பெயிலான முடிவைக் கேட்கிற மாதிரி, மெல்லமாக, இரண்டு மூன்று தரம் ஆட்டினார். "அப்ப முதல் நாளே வேண்டாம் எண்டவர். நான்தான் விசரி மாதிரி ஏழு வருஷம். சரி. நன்றி அக்கா. இனிப் பயமில்லை, திங்கள் கையெழுத்து வைக்கலாம்." சொல்லிக்கொண்டே அழிதூரிகையை எடுத்துக் கரும்பலகையைத் துடைக்கத் தொடங்கினார். ஏற்கெனவே துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். நான் அசையவில்லை. எனக்கு இருக்கும் வாய் கடவுள் தந்தது, அதை மூடத் தெரியாததும் கடவுள் தந்ததுதான்.

"அவர் வேண்டாம் எண்டு எடுக்கேல்லை ரீச்சர்," என்றேன். "தன்ரை புரோகிராம் தன்ரை பேரைச் சொன்னால் கள்ளம் எண்டு நீங்கள் நினைச்சுப்போடுவியள் எண்டு பயந்து எடுத்தவர். எழுபத்தெட்டு மாசமும் ஒண்டு வந்தது. எழுபத்தெட்டும் அவர்தான்."

"ஜெறோம்," என்றார் அக்கா. அவ்வளவுதான் சொன்னார்.

ரீச்சர் எங்களுக்கு முதுகு காட்டியபடி நின்றார். பிறகு பிள்ளைகள் இருக்கிற வாங்கில், முன்வரிசையில், போய் இருந்தார்.

"எழுபத்தெட்டும் அவர்தான் எண்டு எனக்குத் தெரியும்," என்றார். "அவரை மட்டும் வைச்சுத்தானே அந்த நிபந்தனை எல்லாம் போட்டனான்."

அக்கா மெல்லமாக அவருக்குப் பக்கத்தில் இருந்தார். இதுதான் காலையிலிருந்து அக்காவைக் குடைந்துகொண்டிருந்த விஷயம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கு மட்டும் கடைசியில் உறைப்பது வழக்கம்.

"அப்பா குறிப்புப் பொருந்தேல்லை எண்டு அனுப்பினது பிழை எண்டு எனக்குப் பிறகு தெரிஞ்சுது. அவரின்ரை பிறந்த நேரம் குறிப்பிலை இருந்தது, நான் எழுதி வைச்சிருந்தனான். ரெண்டையும் திருக்கணிதத்திலை நானே போட்டுப் பாத்தன். நான் சொன்னால் அப்பா நம்பமாட்டார், பெட்டை ஆசையிலை கணக்கை மாத்திப்போட்டாள் எண்டுவார். கொம்பியூட்டர் சொன்னால் நம்புவார். அவரின்ரை அம்மா அந்த இடத்திலை பதிஞ்சிருக்கிறா எண்டு கேள்விப்பட்டு நானும் போய்ப் பதிஞ்சன்." ரீச்சர் கரும்பலகையைப் பார்த்தபடியே கதைத்தார். "முதல் மாசம் பத்துப் பேர் வந்தினம். அவரின்ரை பேர் இல்லை. பட்டியல் பெரிசாக்கும், அடுத்த முறை வரும் எண்டு நினைச்சன். அப்பாவுக்கு அந்தப் பத்திலை ரெண்டு பேரைப் பிடிச்சுப் போச்சுது. அதுதான் கெதி கெதியா நிபந்தனை போட்டு மற்றவையை விழுத்தினன். வெளிநாடு போகாதவர், கணினி படிச்சவர், அரியாலை. நான் படிப்பிக்கிற கணக்குத்தானே. எல்லாரும் விழ அவர் ஒராள்தான் மிஞ்சவேணும். அப்பாவின்ரை கையிலை அந்த ஒரு பேர் போகவேணும். கடிதம் வந்தது. பூச்சியம்."

"அப்ப ஒருத்தரிட்டையும் கேக்கேல்லையோ?" அக்கா கேட்டார்.

"என்னெண்டு கேக்கிறது? பேரைக் கொப்பியிலை இருந்து எடுத்திட்டார், என்னிலை விருப்பமில்லை எண்டு நினைச்சன். ஆனாலும் திரும்பப் பதிவார் எண்டு நிபந்தனையை மாத்தாமல் விட்டன். போன மாசம் கோயிலிலை அவரின்ரை அம்மாவைக் கண்டனான். ஏழு வருஷமும் அவரின்ரை பேர் அங்கைதான் கிடந்தது, வைகாசியிலை கலியாணம் முடிஞ்ச பிறகுதான் எடுத்தது எண்டு சொன்னா." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். சத்தம் வெளியே போகக் கூடாது என்று அழுதார், வெளியே அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வரத் தொடங்கியிருந்தார்கள்.

நானும் அழுதேன். சொல்லுவதில் வெட்கமில்லை. இரண்டு பேர் ஏழு வருடம் ஒரே மாதம், ஒரே திகதி, ஒரே பட்டியலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஒருத்தி அவனைக் கொண்டுவரக் கணக்குப் போட்டாள், ஒருத்தன் கள்ளன் என்று பெயர் வரக் கூடாது என்று தன்னைக் கழித்தான். யாரைப் பிடித்துப் பொலிஸில் கொடுப்பது?

ரீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

"நான் ஏன் அந்த நிபந்தனை போட்டனான் எண்டு அவருக்குத் தெரியுமோ?"

"தெரியாது," என்றார் அக்கா. "நீங்கள் கன நிபந்தனை போட்டு மாப்பிள்ளை தேடுற ஆள் எண்டுதான் நினைக்கிறார்."

"அப்பிடியே இருக்கட்டும். சொல்லிப்போடாதேங்கோ. அந்தப் பெண்பிள்ளை இப்பதான் அந்த வீட்டுக்கு வந்த பிள்ளை. அவர் இதைத் தெரிஞ்சால் அதோடை நல்லா இருக்கமாட்டார்." என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்களும்தான்."

ஒரே நாளில், மற்றவருக்குச் சொல்லவேண்டாம் என்று, இரண்டு பேர் எங்களிடம் ஒரே உதவியைக் கேட்டார்கள். முதலாவதை நான் காப்பாற்றவில்லை.

"சொல்லமாட்டன் ரீச்சர்," என்றேன்.

அவர் அக்காவின் கையைப் பிடித்தார். "திங்கள் நீங்கள் வரவேணும் அக்கா. என்ரை பக்கம் சாட்சிக்கு ஒராள் குறையுது. அவர் நல்ல மனிசன், லண்டன்காரர். அவருக்கும் ஒரு பிழையும் செய்யக் கூடாது."

"வாறன்," என்றார் அக்கா. வேறு என்ன சொல்லுவது?

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கோப்பாய் வீட்டில் பத்துப் பதினைந்து பேர். ரொறன்ரோ அண்ணை தொலைபேசித் திரையில் அழுதுகொண்டு இருந்தார், சந்தோசத்தில். லண்டன்காரர் உண்மையிலேயே நல்ல மனிதர், என்னைப் போன்றவனுக்கும் எழும்பிக் கதிரை தந்தார். பதிவாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை விரித்தார். இரண்டு பக்கத்துப் பெயர்களையும் வாசித்துவிட்டு, இந்தக் கலியாணத்துக்குத் தடை ஏதும் உண்டோ என்று பொதுவாகக் கேட்டார்.

ரீச்சர் தலையை நிமிர்த்தி என்னை ஒருக்கால் பார்த்தார். அறையில் இருந்த அவ்வளவு பேரையும் விட்டுவிட்டு, என்னை மட்டும்.

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இல்லை," என்று ரீச்சரே சொன்னார். பிறகு பேனையை வாங்கி, படிப்பிக்கிறவர்களின் அந்தத் தெளிவான எழுத்தில், ஆறுதலாகக் கையெழுத்து வைத்துவிட்டு, பேனையை அக்காவிடம் கொடுத்தார்.